ட்வீட் கோட்டை மெஷினில் போடாதீர்கள், ஐயா

போன வாரம் என் தையல் கடைக்கு ஒரு தம்பி வந்தான். மேற்படிப்புக்காக லண்டன் வந்த பையன். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது ஹாரிஸ் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணியில் தைத்த கோட். பழைய துணிமணி விற்கும் சாரிட்டி கடையில் தேடிப் பிடித்திருக்கிறான். பாசி நிறம், மீன்முள் மாதிரி வரி ஓடும் ஹெர்ரிங்போன் நெசவு, உள்ளே உருண்டையும் சிலுவையும் போட்ட லேபிள். ரசனையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய கையோடு வாஷிங் மெஷினில் போட்டு, 40 டிகிரியில் ஓட்டிவிட்டான். துணி தடித்துச் சுருங்கி, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. லைனிங் சுருங்காததால் கோட்டுக்குக் கீழே பாவாடை மாதிரி தொங்குகிறது.

“நனைச்சு இழுத்துவிட்டா வந்துடுமாண்ணே?”

வராது. சுருங்கிக் கெட்டியான கம்பளியை எந்தத் தையல்காரனாலும் பழையபடி ஆக்க முடியாது. இந்தக் குளிர்காலத்தில் என்னிடம் இப்படி வந்த முதல் கோட்டும் இது இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த லேபிளை யாரும் சும்மா ஒட்டிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே கம்பளிக்குச் சாயமேற்றி, அங்கேயே நூற்று, தீவுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தறியில் கையால் நெய்தால்தான் அது ஹாரிஸ் ட்வீட். 1993-இல் இதற்கென்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அப்படிப்பட்ட துணியை ஜீன்ஸோடு சேர்த்துச் சுழற்றியிருக்கிறான்.

தம்பியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருமுறை உடுத்தினால் அது அழுக்குத் துணி, துவைத்தே ஆகவேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். சென்னை வெயிலில் பருத்திச் சட்டைக்கு அது சரி. பிரிட்டிஷ் உடை வேறு கணக்கில் போவது. உடம்பின் வியர்வையை வாங்குவது சட்டை, அதைத் தினமும் துவையுங்கள். கோட் அதற்கு மேலே இருப்பது. அதற்கும் உடம்புக்கும் நடுவில் சட்டை, பனியன், லைனிங் எல்லாம் இருக்கின்றன. கம்பளி லேசில் நாறாது. மாலையில் கழற்றி அகலமான ஹேங்கரில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் ராத்திரியிலேயே ஈரமும் வாடையும் போய்விடும், சுருக்கமும் பாதி நீங்கிவிடும். கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். மற்றபடி பன்றிமயிர் பிரஷால் மேலிருந்து கீழே நாலு இழுப்பு, அவ்வளவுதான். அடுத்த நாள் வேறு கோட். துவைக்காமல் போடுவது அசிங்கம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: அசிங்கம் சட்டையில்தான் சேரும், கோட்டில் இல்லை.

இதைச் சொன்னால் உடனே, “சரி, அப்போ வாரா வாரம் டிரை கிளீனிங் போட்டுடறேன்” என்பார்கள். அதுவும் வேண்டாம். ரசாயனம் கம்பளியின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். அதைவிட மோசம் அவர்கள் போடும் இஸ்திரி. நல்ல கோட்டின் மார்புக்குள், வடிவம் நிற்பதற்காகக் குதிரைமயிர் கேன்வாஸ் துணி இருக்கும். லேப்பலின், அதாவது காலருக்குக் கீழே மார்பில் மடங்கி நிற்கும் பகுதியின், உள்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியான கைத்தையல். அதனால்தான் லேப்பல் மடிப்பு விழாமல், பொத்தான் வரைக்கும் மெல்ல உருண்டு இறங்கும். லண்டனில் தையலுக்குப் பேர்போன சாவில் ரோ தெருக் கடைகளில் பணத்தைக் கொட்டுபவர்கள் இந்த வளைவுக்காகவும்தான் கொட்டுகிறார்கள். நீராவிப் பிரஸ்ஸில் வைத்து ஒரே அழுத்து, லேப்பல் சப்பையாகிவிடும். கேன்வாஸுக்குப் பதில் பசை வைத்து ஒட்டிய மலிவு கோட் என்றால், சூடு பட்டுப் பட்டுப் பசை விட்டு மார்பில் கொப்புளம் கிளம்பும். அதற்கு மருந்தே கிடையாது.

ஆங்கிலேயரில் உண்மையாகவே இந்த ரசனை உள்ளவர்கள் புதுசு மாதிரி தெரியவேண்டும் என்று அலட்டிக்கொள்வதில்லை. மன்னர் சார்ல்ஸே ஒட்டுப்போட்ட கோட்டும் ஒட்டுப்போட்ட ஷூவுமாகப் பல படங்களில் நிற்கிறார். நம்மவர்களோ புதுக் கோட்டை நீட்டி, “முழங்கையில் தோல் வைத்துக் கொடுங்கள், ஸ்டைலாக இருக்கும்” என்கிறார்கள். முதலில் தேயட்டும், அப்புறம் வாருங்கள்.

மழைக்காக மெழுகு ஏற்றிய வாக்ஸ் ஜாக்கெட் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மெஷின், வெந்நீர், சோப்பு, டிரை கிளீனிங் எதுவுமே ஆகாது. மெழுகு போய்விட்டால் மழை நேராக உள்ளே இறங்கும். பச்சைத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் சேற்றைத் துடைத்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை மெழுகு டின்னை வெந்நீரில் வைத்து உருக்கி, துணியில் தொட்டுத் தேய்க்கவேண்டும். தையல் ஓரங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. திட்டுத் திட்டாக நின்றால் ஹேர் டிரையரைக் காட்டுங்கள், பரவிவிடும். கார்டுராய் காலரில் மட்டும் படவிடாதீர்கள். தேய்த்த கையோடு போட்டுக்கொண்டு அடுத்தவர் வீட்டு சோபாவிலும் உட்காராதீர்கள்.

ஷூ என் வேலை இல்லை, இருந்தாலும் கண்ணில் படுகிறதே. ஷூவுக்குப் பேர்போன நார்தாம்ப்டன் ஊரில், வெல்ட் என்ற தோல்பட்டை வைத்து அடியைத் தைத்த ஷூவை அடி மாற்றிப் பல வருஷம் போடலாம். நனைந்துபோனால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும்.

அந்துப்பூச்சி விஷயத்தில் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். டிரை கிளீனிங் வேண்டாம் என்று சொன்ன நானே, கோடையில் கோட்டை உள்ளே வைக்கும் முன் ஒருமுறை கொடுங்கள் என்கிறேன். வியர்வையும் சோற்றுக் கறையும் பட்ட கம்பளியைத்தான் புழு தேடிப் போகும். “பிரஸ் வேண்டாம்” என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாங்கி வந்து நன்றாகக் காற்றாடவிட்டு, ஜிப் வைத்த துணிப்பையில் பூட்டி வையுங்கள். லாவெண்டர் பொட்டலம் வாசனைக்குத்தான், அதை மட்டும் நம்பி அலமாரியைச் சாத்தாதீர்கள். சாரிட்டி கடையில் வாங்கிய கம்பளியை மற்ற துணிகளோடு சேர்க்கும் முன், பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னும் ஒன்று. புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருக்கும். ஓவர்கோட்டாக இருந்தால் கையில் கம்பெனி லேபிளும் லேசாகத் தைத்திருக்கும். இரண்டும் கடையோடு முடிந்த விஷயம், அலங்காரம் என்று நினைத்து அப்படியே தெருவில் போகாதீர்கள். சின்னக் கத்தரிக்கோல் இருந்தால் நீங்களே வெட்டிவிடலாம். பயமாக இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.