வீட்டு சர்வருக்கு எத்தனை வாட் போதும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பழைய காகிதங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை நெட்டாலுக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் எழுதிவைத்தார்கள். பல வீடுகளில் பூர்வீகத்துக்கு அதன் நகல்தான் சான்று. அதோடு நிறவெறி அரசு இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குக் குடிபெயர்க்கப்படும் முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், ஆயாவின் குரலைப் பிடித்து வைத்த கேசட், வருடா வருடம் காவடி நாளில் போனில் சேரும் வீடியோக்கள். இத்தனையையும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே ஒரு சின்ன சேமிப்பு சர்வர், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டு எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் கணினி, வைத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை டெராபைட் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை வாட் என்று கேட்க வேண்டிய ஊர் இது.

முதலில் மின்கட்டணம். ஒரு வாட் இழுக்கும் பொருள் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட் ஆகும். பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தால் வருடத்துக்கு 525 யூனிட். 15 வாட்டில் ஓடும் சின்ன சர்வர் பெட்டிக்கு 131 யூனிட்தான். இந்த வித்தியாசமே பெரிசுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது பேட்டரி.

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரே நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் கரண்ட் போனது. அது குறைந்த பிறகும் கேபிள் திருட்டு, இடி மின்னல், துணைமின் நிலையக் கோளாறு என்று ஏதாவது வரத்தான் செய்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. அதாவது 84 வாட்-மணி. பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். யூபிஎஸ் அந்த 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றுகிறது. சர்வரின் அடாப்டர் மறுபடியும் 12-க்கு இறக்குகிறது. இரண்டு இடத்திலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும். அதனால் 15 வாட் பெட்டி இரண்டு மணிநேரம் தாக்குப்பிடிக்கலாம். 60 வாட் டெஸ்க்டாப் அரை மணியைத் தாண்டினாலே அதிர்ஷ்டம்.

ரூட்டருக்கு வைக்கிறோமே, அந்த மாதிரி நேரடியாக 12 வோல்ட் தரும் டிசி யூபிஎஸ் இதற்கு நல்ல தீர்வு. சர்வர் இழுக்கும் ஆம்பியரை அது தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 20 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று சுமார் 256 வாட்-மணி தரும். எண்பது சதவீதம் பயன்படுத்தினாலும் 15 வாட் பெட்டி பதிமூன்று மணிநேரம் ஓடும்.

சரி, அந்த 15 வாட் எங்கே போகிறது? என்100 போன்ற சிப் வைத்த மினி பிசி சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 6 முதல் 10 வாட். ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினி என்றால் 3 வாட் அளவு. மீதி ஹார்ட் டிஸ்க். 3.5 அங்குல டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தாலே 5 வாட் போல எடுக்கும், 2.5 அங்குலம் ஒரு வாட்டுக்குப் பக்கத்தில். ஆனால் நின்றிருக்கும் பெரிய டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளுக்கு 20 வாட்டுக்கு மேல் கேட்கும். இரண்டு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 40, 50 வாட். சராசரியை மட்டும் பார்த்து அடாப்டர் வாங்கினால் கரண்ட் திரும்பும் நேரத்தில்தான் அது காலை வாரும்.

கரண்ட் போகும் அந்தக் கணத்தில் டிஸ்க்குக்குள் நடப்பது எனக்கு எப்போதும் வியப்பு. தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்கிறது. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் தாங்கலில், படிக்கும் முனை மிதக்கிறது. தட்டு நின்றால் காற்றின் தாங்கல் போய் முனை தட்டில் விழும். அதனால் மின்சாரம் நின்றதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறுகிறது: இன்னும் சுழலும் தட்டின் வேகத்திலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்து, முனையை ஓரத்துச் சரிவில் ஏற்றி நிறுத்திவிடுகிறது. இந்த அவசர ஒதுக்கம் வழக்கமான ஒதுக்கத்தைவிடக் கடுமையானது. எத்தனை தடவை நடந்தது என்று டிஸ்க்கே எண்ணி வைத்துக்கொள்ளும்; ஸ்மார்ட் எனப்படும் டிஸ்க்கின் உடல்நல அறிக்கையில் அந்த எண்ணைப் பார்க்கலாம். அது ஏறிக்கொண்டே போனால் பேட்டரி ஏற்பாடு சரியில்லை என்று அர்த்தம்.

முனை தப்பித்தாலும் பாதி எழுதிய கோப்பு? டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறை என்று பெயர். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் பழைய பக்கத்தை அடிக்காமல், புதுப் பக்கத்தில் முழுதாக எழுதிவிட்டுக் கடைசியில் பொருளடக்கத்தைத் திருத்தும் கணக்குப்பிள்ளை மாதிரி. நடுவில் கரண்ட் போனால் பழைய பொருளடக்கம் அப்படியே செல்லும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண்ணும் வைப்பதால், வருடக்கணக்கில் தொடாத படம் ஒன்று சத்தமில்லாமல் கெட்டாலும் தெரிந்துவிடும். இரண்டு டிஸ்க்கில் பிரதி இருந்தால் நல்லதிலிருந்து கெட்டதைச் சரிசெய்யவும் முடியும்.

பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக அணைய வேண்டும். யூஎஸ்பி வழியே பேசும் யூபிஎஸ் என்றால் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். மலிவான டிசி யூபிஎஸ் வாய் திறக்காது. அதற்கு ஒரு வழி உண்டு: பேட்டரி இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் நெட்வொர்க் கருவி ஒன்றை மாட்டி வையுங்கள். சர்வர் அதை அடிக்கடி கூப்பிடட்டும். ஒரு மணிநேரமாகப் பதில் இல்லையென்றால் கரண்ட் இல்லை என்று புரிந்துகொண்டு அணைந்துவிடட்டும்.

திரும்பி வரும் கரண்ட்டும் ஆபத்துதான். தெரு முழுக்க ஃபிரிட்ஜும் கீசரும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது வோல்டேஜ் தடுமாறும். சர்ஜ் பாதுகாப்பு பிளக் கட்டாயம் வேண்டும். கரண்ட் வந்த சில நிமிடம் கழித்து சர்வர் கிளம்பும்படி வைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் செய்தாலும் அது ஒரு வீடுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நெட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் தண்ணீரில் ஒன்றாகத்தான் போகும். ஜோஹன்னஸ்பர்க்கில் அக்காவோ சித்தப்பாவோ இருந்தால் அவர்கள் வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி வையுங்கள். முதல் பிரதியை மட்டும் இணையத்தில் அனுப்பாதீர்கள்: 20 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் ஏற நான்கரை நாள் ஆகும். டிஸ்க்கைக் காரில் எடுத்துப்போனால் என்3 சாலையில் ஆறேழு மணிநேரம். அப்புறம் ரெஸ்டிக் போன்ற மென்பொருள் ஒவ்வொரு இரவும் மாறிய துண்டுகளை மட்டும் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்பும். மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு கோப்பை அங்கிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

பூட்டிய பிரதிக்குக் கடவுச்சொல் இல்லாவிட்டால் அது வெறும் குப்பை. அதைக் காகிதத்தில் எழுதி, இரண்டு வீட்டில் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். அதில் ஒருவர் வயதில் உங்களைவிடச் சின்னவராக இருக்கட்டும்.