‘எங்க பையன் ஒண்ணும் செய்ய மாட்டான், டாக்டர்’

ஒரு கால்நடை மருத்துவர் வாரத்துக்குப் பத்து முறையாவது இதைக் கேட்பார். பெரும்பாலும் ஊசியோடு கிட்டே போகும்போதுதான் சொல்வார்கள். அப்போதுதான் நான் கையை இன்னும் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்வேன். வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். போன வாரம் சிரிப்பு வரவில்லை.

4 வயது கோல்டன் ரெட்ரீவர், நிஜமாகவே சாது. சிறப்புக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அதை ‘தெரபி டாக்’ (நோயாளிகள், முதியவர்கள், குழந்தைகளுக்கு ஆறுதலாக அழைத்துப் போகும் நாய்) என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள். பயிற்சி எதுவும் கிடையாது. வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள், பிள்ளைகள் சந்தோஷப்படட்டுமே என்ற நல்ல எண்ணம். இரண்டரை மணி நேரம், 40 பிள்ளைகள். கடைசியில் கழுத்தைக் கட்டிப்பிடித்த சிறுவன் கையில் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. “திடீர்னு கடிச்சிட்டான் டாக்டர், ஒரு உறுமல்கூட இல்ல” என்றார் அந்த அம்மா. அவர் எடுத்த 4 நிமிட வீடியோவை வாங்கிப் பார்த்தேன். நாய் 11 முறை தன் மூக்கை நக்குகிறது. தூக்கமே இல்லாமல் 3 முறை கொட்டாவி விடுகிறது. பிள்ளைகள் கை நீட்டும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது, கண்ணில் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. ஒரு முறை எழுந்து வாசலுக்கே போகிறது; லீஷை (கழுத்துப் பட்டையில் மாட்டிய வாரை) இழுத்து மறுபடி உட்கார வைக்கிறார்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று இதற்கு மேல் அது எப்படிச் சொல்லும்?

உறுமல் ஏன் வரவில்லை என்று விசாரித்தேன். குட்டியாக இருந்தபோது உறுமினால் மூக்கில் தட்டுவார்களாம். தட்டினால் உறுமல்தான் நிற்கும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய்க்கு அடுத்து மிச்சம் இருப்பது பல்தான். இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது நாய் இது.

‘ஒண்ணும் செய்யாது’ என்பதைத் தயவுசெய்து தகுதிச் சான்றிதழாகக் காட்டாதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாய் எல்லாம் மகிழ்ச்சியாக உட்கார்ந்திருப்பதில்லை. சில நாய்கள் பயத்தில் உறைந்துபோய் உட்காரும். நாம் அதை ‘எவ்வளவு பொறுமை பார்’ என்று படம் எடுப்போம். நான் பார்ப்பது வேறு. அந்நியர் ஒருவர் கையை நீட்டி, 3 நொடி தடவிவிட்டு நிறுத்தட்டும். நாய் தானாகவே நகர்ந்து வந்து இன்னும் கேட்கிறதா, விலகிப் போகிறதா? கேட்டால் மேலே பேசலாம். விலகினால் அது உங்கள் வீட்டுச் செல்லம், அவ்வளவுதான், அதில் குறை ஒன்றுமில்லை. வந்தவர் மேலெல்லாம் தாவிக் குதிப்பதும் தகுதி இல்லை. 80 வயதுப் பாட்டியின் தோல் காகிதம் மாதிரி; ஒரு தாவலில் கிழிந்துவிடும்.

இனத்தைப் பற்றியும் கேட்பார்கள். லேப்ரடார், கோல்டன் என்றால் பிறவியிலேயே தெரபி நாய் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்கள் இந்த வேலையை அழகாகச் செய்து பார்த்திருக்கிறேன். ஹாங்காங்கில் 1991இல் விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் தொடங்கி, பிறகு சென்னைக்கும் வந்த ‘டாக்டர் டாக்’ என்ற தெரபி நாய்த் திட்டத்தில் பார்த்ததும் குணத்தைத்தான். அதே போல, குட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வயதாவது முடிந்திருக்க வேண்டும், வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் உங்களோடு 6 மாதமாவது இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டு அமைப்புகள் வைத்திருக்கும் இந்த விதிகள் நமக்கும் பொருந்தும்.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள், முதலில் தூரத்தில், அப்புறம் பக்கத்தில். தாத்தாவின் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தடவிப் பாருங்கள், உடனே பிஸ்கட் கொடுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்காமல் நடக்கப் பழக்குங்கள், லிஃப்டில் ஏற்றி இறக்குங்கள். எல்லாவற்றையும்விட ‘விடு’ என்றால் விட வேண்டும். முதியோர் இல்லத்தில் கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கும்? மாத்திரை. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை ஒன்றே சின்ன நாயின் வயிற்றைப் புண்ணாக்கப் போதும். அளவு கூடினால் சிறுநீரகமும் போகும்.

இப்போது லீஷைப் பிடிப்பவரிடம் வருகிறேன். பாதி வேலை உங்களுடையது. அங்கே போனதும் எல்லோரும் நோயாளியையும் குழந்தையையும் பார்ப்பார்கள்; நீங்கள் நாயை மட்டும் பாருங்கள். செல்போன் பையில் இருக்கட்டும், படம் வேண்டுமென்றால் வேறொருவர் எடுக்கட்டும். லீஷை ‘ஒரு நிமிஷம் பிடிங்க’ என்று யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள். நாய் என்றாலே நடுங்குபவர் உண்டு, ஒவ்வாமை உள்ளவர் உண்டு, பிடிக்காதவரும் உண்டு. ‘கட்டிப்பிடிக்காதே கண்ணா, இங்கே முதுகில் தடவு’ என்று சொல்லிப் பழகுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம். ஏசி அறையில் நாய் வாயைப் பிளந்து மூச்சிரைத்தாலோ, பிடித்த பிஸ்கட்டை முகர்ந்துகூடப் பார்க்காவிட்டாலோ கிளம்பிவிடுங்கள். மேனேஜர் பொன்னாடையோடு காத்திருந்தாலும் சரி. முதல் சில முறை அரை மணி போதும். எவ்வளவு பழகினாலும் ஒரு மணியைத் தாண்ட வேண்டாம்.

சுத்தம் பற்றி நீட்டப் போவதில்லை. வெறிநோய்த் தடுப்பூசி தேதி தப்பக் கூடாது. குடற்புழு மருந்து, உண்ணி மருந்து நடப்பில் இருக்க வேண்டும். முந்தின நாள் குளியல், நகம் வெட்டித் தேய்த்திருக்க வேண்டும், சென்ட் அடிக்கக் கூடாது. பச்சைக் கோழி போட்டு வளர்க்கிறீர்களா? அப்படியானால் வராதீர்கள், அதிலிருக்கும் சால்மோனெல்லா கிருமி உங்கள் நாய்க்கு ஒன்றும் செய்யாமல், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவரைப் படுக்க வைத்துவிடும். தடவும் முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் கை கழுவ வேண்டும். நக்க விடாதீர்கள். தோல் கிழிந்த இடத்தில் நாயின் எச்சில் பட்டாலே உலக சுகாதார நிறுவனத்தின் வெறிநோய் அபாயப் பட்டியலில் அது மூன்றாம் வகை, கடிக்குச் சமம். ஏதாவது நடந்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘எங்க நாய் ஊசி போட்டதுதான்’ என்று கடிபட்டவர்களைத் தடுக்காதீர்கள், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

அந்தச் சிறுவனுக்கு ஊசி போட்டுவிட்டார்கள், நன்றாக இருக்கிறான். வெறிநோய் அறிகுறி தெரிகிறதா என்று நாயை 10 நாள் கவனிப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். “அடுத்த வருஷம் பயிற்சி கொடுத்துக் கூட்டிட்டுப் போகலாமா டாக்டர்?” என்று அந்த அம்மா கேட்டார். வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டு, அது வாசலுக்கு எழுந்து போன இடத்தில் நிறுத்திக் காட்டினேன்.