நினைவுச் சில்லு: ‘டியூனிங் சிப்’புக்கு நம்மிடம் உள்ள சொல்

இன்ஜின் ஓடும் விதத்தை மாற்றியமைப்பதற்காக (அதுதான் டியூனிங்) ‘ட்ரக் இன்ஜின் கம்ப்யூட்டரோட சிப்பைப் படித்து, எடிட் பண்ணி, பர்ன் பண்ணினேன்’ என்கிறோமே, அதில் ‘சிப்’புக்குத் தமிழ் தேடி அலையவே வேண்டாம். ஆங்கிலத்தில் அதற்கு முதலில் மரத்திலிருந்தோ கல்லிலிருந்தோ தெறித்த சிறு துண்டு என்றுதான் பொருள், சிலிக்கான் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்து எடுப்பதால் மின்னணுப் பொருளுக்கும் அதே பெயர். நம்மிடம் கண்ணாடிச் சில்லு, ஓட்டுச் சில்லு, ‘சில்லு சில்லாக உடைந்தது’ எல்லாம் முன்பே இருக்கிறது. சில்லு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரே சிக்கல், ஈழத் தமிழில் சில்லு என்றால் சக்கரம். ட்ரக்கைப் பற்றி எழுதும்போது ‘சில்லை மாற்றினேன்’ என்றால் அங்குள்ளவர் டயரைத்தான் நினைப்பார். அதனால் இந்த இடத்தில் ‘நினைவுச் சில்லு’ என்று முழுதாக எழுதுவதே சரி.

‘டியூன்’ கிரேக்க ‘டோனோஸ்’ வழி வந்தது, இழுத்துக் கட்டுதல் என்று பொருள், நரம்பை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்ப்பது. ‘டியூனிங்’குக்கு ‘இசைவிப்பு’ என்ற கலைச்சொல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இன்ஜினிலும் காற்று, எரிபொருள், பற்றவைக்கும் நேரம் மூன்றும் ஒன்றோடொன்று இசைய வேண்டும் என்பதுதான்.

அப்புறம் ‘பர்ன்’. தயவுசெய்து ‘எரித்தல்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். பழைய வகைச் சில்லுகளில் உள்ளே இருந்த நுண்ணிய ஃபியூஸ்களை உண்மையாகவே எரித்தார்கள், சொல் அங்கிருந்து வந்தது. 1971இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ராம் (EPROM, அழித்துவிட்டுத் திரும்ப எழுதக்கூடிய நினைவுச் சில்லு) வகையில் எதுவும் எரிவதில்லை, மின்னூட்டம் உள்ளே சிறைப்படுகிறது, அவ்வளவுதான். ‘எழுதுதல்’ போதும்.

‘எடிட்’டும் கொஞ்சம் ஏமாற்றும் சொல். ஈப்ராமில் எழுதினால் 1 என்பது 0 ஆகும், திரும்ப 1 ஆக்க வேண்டுமென்றால் புற ஊதா விளக்கின் கீழே சுமார் 20 நிமிடம் வைத்து முழுச் சில்லையும் அழிக்க வேண்டும். அதனால் திருத்துவது சில்லை அல்ல, அதிலிருந்து படித்தெடுத்த கோப்பை. 1980களின் கடைசியில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் ட்ரக்குகள் சிலவற்றில் அந்தக் கோப்பு வெறும் 4 கிலோபைட்தான், எரிபொருள் அட்டவணை, பற்றவைப்பு அட்டவணை எல்லாம் அதற்குள்ளேயே. ஆக வரிசை இதுதான்: வாசித்தல், கோப்பில் திருத்துதல், அழித்தல், எழுதுதல். எழுதி முடித்ததும் சில்லின் மேலே புற ஊதா ஒளி உள்ளே போவதற்காக உள்ள குவார்ட்ஸ் ஜன்னலை ஒளிபுகாத ஸ்டிக்கரால் மூடிவிடுங்கள், வெயிலில் கிடந்தால் எழுதியது மெல்ல மெல்ல அழிந்துபோகும்.