ரீஃப் எல்லாம் பவளப்பாறை அல்ல

மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் 'ரீஃப்' (reef, கடலில் எழும் பாறைத்திட்டு) என்பதைப் பவளப்பாறை ஆக்கி, 'கேம்பிரியன் காலப் பவளப்பாறைகள்' என்று போட்டிருக்கிறார்கள். கேம்பிரியன் என்பது சுமார் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம். அந்தக் காலத்தில் ரீஃப் கட்டியவை ஆர்க்கியோசயத் என்னும் கடற்பஞ்சு வகைகளும் நுண்ணுயிர்களும். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸில் ரூடிஸ்ட் சிப்பிகள் கட்டின. பவளம் எங்கே வந்தது?

ரீஃப், பழைய நார்ஸில் விலா எலும்பைக் குறித்த சொல். டச்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கப்பலின் அடியைக் கிழிக்கும் எந்தப் பாறை வரிசையும் மாலுமிக்கு ரீஃப்தான். நம்மிடம் 'பார்' இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கடலடிப் பாறைத் தளத்தை அப்படித்தான் சொன்னார்கள். 'பார் உயிர்கள் கட்டியதல்லவே' என்று சிலர் மறுப்பார்கள். சரி, மாலுமியின் ரீஃபும் அப்படித்தான். பவளப்பார், ரூடிஸ்ட் பார் என்று முன்னொட்டு போட்டால் கட்டியது யார் என்பதும் தெரிந்துவிடும்.

இதைவிட எரிச்சலூட்டுவது, கடலடியில் மேடாக இறுகிய 'மட் மவுண்ட்' (mud mound) என்பதற்குப் போடும் 'மண்குன்று'. அகராதியில் மண்ணையும் குன்றையும் தேடி ஒட்டவைத்த சொல். இங்கே மண்ணே கிடையாது. இருப்பது மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள். 'களிமண் மேடு' இன்னும் மோசம், களிமண் வேறு கனிமம். சுண்ணச்சேற்று மேடு என்று சொல்லிவிட்டுப் போகலாமே! சேறு என்பதும் ஈரமண்தானே என்று தூய்மைவாதிகள் முறைப்பார்கள். முறைக்கட்டும், அந்தக் குழைவைச் சொல்ல வேறு சொல் இல்லை.

பாருக்கும் சேற்று மேட்டுக்கும் வேறுபாடு கட்டுமானத்தில் இருக்கிறது. பாரில் ஓடும் கூடும் உள்ள உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து சட்டகம் எழுப்புகின்றன. மேலே படர்பவை அதைப் பிணைக்கின்றன. இடுக்குகளில் வண்டல் நிறைந்து, கால்சைட் என்னும் கால்சியம் கார்பனேட் கனிமம் இறுகி, அலையைத் தாங்கும் பாறையாகிறது. சேற்று மேட்டில் அப்படிப்பட்ட சட்டகம் இல்லை. பெரும்பாலும் அலை எட்டாத ஆழத்தில், நுண்ணுயிர்ப் படலங்களின் துணையோடு சேறு அங்கேயே படிந்து சீக்கிரம் இறுகுகிறது. பெல்ஜியத்தின் வோல்சோர் ஊர்ப்பெயரால் அழைக்கப்படும், சுமார் 35 கோடி ஆண்டுப் பழைய கார்பானிஃபெரஸ் காலச் சேற்று மேடுகளின் சரிவு சில இடங்களில் 30 பாகையையும் தாண்டும். வெறும் சேற்றைக் குவித்தால் அப்படி நிற்காது, வழிந்துவிடும். பல மேடுகளை வெட்டிப் பார்த்தால் அடி தட்டையாக, கூரை தாறுமாறாக, உள்ளே வெள்ளைக் கால்சைட் நிறைந்த பொந்துகள். ஸ்ட்ரோமடாக்டிஸ் என்பது இவைதான். எப்படி உண்டாயின என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இதற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் 'பவளப் பொந்து' என்று போடுவதற்கு முன், பெயரை அப்படியே எழுதிவிடுங்கள்.