கட்டை அவிழ்க்காமல் கடன் வாங்கச் சொல்லாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடலோரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து பிள்ளைகளாவது 35 என்று எழுதிக் காட்டுவார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, நாலில் ஒன்று போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கணும் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம், பிள்ளை அதைத்தான் செய்திருக்கிறது. தயவுசெய்து மக்கு என்று சொல்லிவிடாதீர்கள். அதே பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள், 42 ரூபாயில் 17 போக மிச்சம் சரியாகக் கொண்டு வரும்.

'பக்கத்தில் கடன் வாங்கு' என்கிறோம். ஒன்று வாங்கினால் அது எப்படிப் பத்தாக வருகிறது என்று பிள்ளைக்கு யார் காட்டியது?

நான் தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருக்கிறேன். 42 என்றால் நாலு கட்டு, இரண்டு உதிரி. 'முதலில் ஏழு உதிரி குடு' என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை கையிலிருந்த இரண்டையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'டீச்சர், ஒண்ணை அவுக்கட்டுமா?' என்றாள். அவ்வளவுதான், கணக்கு புரிந்துவிட்டது. மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. அப்புறம் கட்டுக்குக் கோடும் உதிரிக்குப் புள்ளியுமாக வரையவைத்து, கடைசியில்தான் 4-ஐ அடித்து 3 போடக் காட்டினேன். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்கிற அரசுத் திட்டம் வந்த பிறகு செயல்பாடுகளுக்குக் குறைவில்லை, ஆனால் பாடம் முடிக்கிற அவசரத்தில் நடுவில் இந்தப் படம் வரைவதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று நம் மொழியிலேயே இருக்கிறது. தொண்ணூறு என்று சொல்லும்போது காதில் 'நூறு' விழுகிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' விழுகிறது. நூற்றி ஐந்து என்றால் 100 எழுதிப் பக்கத்தில் 5 போட்டு 1005 ஆக்கிவிடுவார்கள், கேட்டதை அப்படியே எழுதுகிறார்கள். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரே பெரிய கட்டாகக் கட்டிக் கொடுங்கள். 105-க்குப் பெரிய கட்டு ஒன்று, சின்னக் கட்டு வைக்கிற இடம் காலி, உதிரி ஐந்து. அந்தக் காலி இடத்தைக் கையால் தடவிப் பார்த்த பிள்ளைக்கு நடுவில் ஏன் 0 என்று விளக்கவே வேண்டாம். தொண்ணூறுக்கு ஒன்பது கட்டுதான், பெரிய கட்டு வராது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டிலும் செய்யலாம், ஈர்க்கு இல்லையென்றால் கரையில் பொறுக்கிய சிப்பியைப் பத்துப் பத்தாகப் பையில் போட்டாலும் போதும். ரப்பர் பேண்டு இந்த வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், வலை நூல் நல்லது. ஆனால் உருவு முடிச்சாகப் போடுங்கள், பிள்ளை தானே அவிழ்க்க வேண்டும்.