குழந்தை வராத நாளுக்கும் கட்டணம் உண்டு

போன வாரம் ஒரு பெண் தொலைபேசியில் அழுதார். வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலைத் தொடங்கி ஏழு மாதமாகிறது. மூன்று குழந்தைகள். ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதில் ஒரு குடும்பம் 10 நாள் பயணம் போய் வந்து, அந்த 10 நாளையும் கழித்துக்கொண்டு பணம் கொடுத்திருக்கிறது. "கேட்டால் சங்கடம், அக்கா" என்றார். இந்த ஆண்டில் இதே வார்த்தையைச் சொன்ன நான்காவது ஆள் அவர். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஒப்பந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். "தெரிந்தவர்கள்தானே" என்றார். தெரிந்தவர்களிடம்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும். தெரியாதவரிடம் கறாராகப் பேசிவிடலாம். தெரிந்தவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"குழந்தைதான் வரவில்லையே, எதற்குப் பணம்?" இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்பதைவிட, நம் தொழிலில் இருப்பவர்களே அதை நியாயம் என்று நம்புவதுதான் எனக்கு எரிச்சல். வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு 10 நாள் வெளியூர் போகிறவர், திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் 10 நாள் வாடகையைக் கழிக்கச் சொல்வாரா? நம்மிடம் இருப்பது மூன்றே இடங்கள். அதில் ஒன்றை ஒரு குழந்தையின் பெயரில் ஒதுக்கிவிட்டால், அதே இடம் கேட்டு வருகிற இன்னொரு தாயை இல்லை என்று அனுப்பிவிடுகிறோம். குழந்தை பயணத்தில் இருந்தாலும் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அந்த இடம் அதனுடையதுதான். அந்த 10 நாளுக்கு மட்டும் வேறொரு குழந்தையைத் தேடிப் பிடித்து உட்காரவைக்க முடியுமா? முடியாது. ஆக, கட்டணம் இடத்துக்கு. வருகைக்கு அல்ல. மறுபக்கமும் நேர்மையாக இருக்க வேண்டும்: எனக்கு உடம்பு சரியில்லாமல் நான் கதவை மூடினால் அந்த நாளுக்குப் பணம் வாங்குவதில்லை. என் ஆண்டு விடுப்புக்கும் வாங்குவதில்லை. சிலர் விடுப்புக்கு வாங்குகிறார்கள். அதுவும் தவறில்லை, குழந்தை சேரும் முன்பே சொல்லியிருந்தால்.

அரைநாள் குழந்தைக்குப் பாதிக் கட்டணம் என்பதும் இதே தவறின் தம்பிதான். காலையில் ஒரு குழந்தை, மதியத்துக்குமேல் இன்னொன்று என்று இரண்டு குடும்பங்களின் நேரம் பொருந்திவருவது அபூர்வம். பொருந்தவில்லை என்றால் முழு இடமும் அந்த அரைநாளுக்கே போய்விட்டது. நான் முழுநாள் கட்டணத்தில் 65 விழுக்காடு வாங்குகிறேன்.

அடுத்தது நேரம். மாலை 6 மணிக்கு மூடுவது என்றால், 6 மணிக்கு வாசல் கதவு சாத்தியிருக்க வேண்டும். அப்போதுதான் பெற்றோர் உள்ளே நுழைகிறார்கள் என்றால் அது 6 மணி ஆகாது. செருப்பு தேடவும், மதியம் தூங்கினானா என்று கேட்கவும் 10 நிமிடம் வேண்டும். "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன், அக்கா" என்று குறுஞ்செய்தி வரும். ஆள் வர 20 நிமிடம் ஆகும். மாதத்தில் 22 நாள் இப்படியென்றால் 440 நிமிடம், அதாவது 7 மணி 20 நிமிடம். ஒரு வேலைநாளையே இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மற்றவர்கள் போனதும் ஒரு காலணியை மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மடியில் வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவான். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுவான். அது தாண்டிப் போனதும் உட்காருவான். தாமதக் கட்டணம் பணத்தாசையால் வந்தது என்பவர்கள் அவனை ஒரு மாலை பார்த்திருக்க வேண்டும். முதல் 10 நிமிடத்தை நான் கணக்கில் கொள்வதில்லை. அதற்குமேல் ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் கட்டணம் உண்டு, வழக்கமான விகிதத்தைவிட இரு மடங்கு.

கட்டணத்தை எப்படிப் போடுவது? தயவுசெய்து பக்கத்து வீட்டுக்காரர் வாங்குவதைக் கேட்டு, அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு 52 வாரம் உழைப்பதாகக் கணக்குப் போடாதீர்கள். விடுப்பு, பொது விடுமுறை, உங்கள் காய்ச்சல் எல்லாம் போக 46 வாரம் தேறினால் பெரிது. மூன்று இடங்களும் எப்போதும் நிறைந்திருக்காது. ஒரு குழந்தை பள்ளிக்குப் போன பிறகு அடுத்தது வர இரண்டு மூன்று மாதம் ஆகும். வாரத்துக்கு 50 மணி நேரம் கதவு திறந்திருந்தால், துடைப்பதும் பொம்மைகளைக் கழுவுவதும் கணக்கு எழுதுவதும் சேர்ந்து உழைப்பு 57, 58 ஆகிவிடும். சம்பளத்தோடு விடுப்பும் ஓய்வூதியமும் நமக்கு யாரும் தரப்போவதில்லை. வரி, காப்பீடு, முதலுதவிப் பயிற்சி எல்லாம் நம் கையிலிருந்துதான். ஓராண்டுக்கான இந்தச் செலவுகளோடு உங்கள் உழைப்புக்கான கூலியையும் கூட்டி, 46 வாரத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

இன்னும் சில. முதல் மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குங்கள். விலகுவதானால் நான்கு வாரம் முன்னறிவிப்பு, இருதரப்புக்கும். கட்டணம் உயர்வது ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த மாதத்தில். உடன்பிறப்புக்குச் சலுகை தரலாம். ஆனால் கைக்குழந்தை விஷயத்தில் யோசியுங்கள், ஒரு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குப் பல ஊர்களில் தனி வரம்பு உண்டு, அதனால் அந்த இடத்தைக் குறைத்துக் கொடுத்தால் நமக்குத்தான் நட்டம். உரிமம் சொல்லும் எண்ணிக்கையைத் தாண்டி ஒரு குழந்தையைக்கூடச் சேர்க்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். அன்றைக்கு ஏதாவது நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

அந்தப் பெண் தாளை எழுதிவிட்டார். நேற்று மறுபடி அழைத்தார், எப்போது கொடுப்பது என்று கேட்டு. காலையில் வேண்டாம், எல்லோரும் வேலைக்கு ஓடுகிற நேரம். வெள்ளிக்கிழமை மாலை, குழந்தையின் பையில் வைத்து, கையிலும் ஒரு பிரதி கொடுங்கள் என்றேன். "கோபித்துக்கொண்டால்?" என்றார். இரண்டு நாள் விடுமுறை இருக்கிறதே, ஆறட்டும்.