காத்திருக்கத் தெரிந்த வரிசை

ஒரே நிரலுக்குள் இரண்டு திரெட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலைகள், ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நெட்வொர்க்கில் வரும் செய்திகளைப் படிக்கிறது, மற்றொன்று அவற்றை டேட்டாபேஸில் எழுதுகிறது. படித்ததை எழுதுபவரிடம் எப்படிக் கொடுப்பது? நடுவில் ஒரு பட்டியலை வைத்து, ஒருவர் போட, ஒருவர் எடுத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும்.

போதாது. படிக்கும் திரெட் இரண்டாகிவிட்டால், இரண்டுமே ஒரே நொடியில் "அடுத்த காலி இடம் 7" என்று பார்க்கும். இரண்டும் 7-இல் எழுதும். ஒரு செய்தி சத்தமில்லாமல் காணாமல் போகும். சரி, பட்டியலுக்கு ஒரு பூட்டு போடலாம்: யார் தொட்டாலும் முதலில் பூட்டைப் பிடிக்க வேண்டும், வேலை முடிந்ததும் விட வேண்டும். அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் எடுக்க வரும்போது பட்டியல் காலியாக இருந்தால்?

"வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று சுழன்று சுழன்று பார்த்துக்கொண்டே இருந்தால், ஒன்றும் செய்யாமலே ஒரு சிபியூ கோர் முழு வேகத்தில் எரியும். ஒவ்வொரு முறையும் 10 மில்லிசெகண்ட் தூங்கிவிட்டுப் பார்த்தால், செய்தி வந்த பிறகும் 10 மில்லிசெகண்ட் வரை வீணாகலாம். வேலையே இல்லாத நேரத்தில் நொடிக்கு 100 முறை சும்மா கண்விழிப்பதும் நடக்கும். இரண்டுமே அரைகுறைத் தீர்வுகள். நமக்கு வேண்டியது வேறு: இருந்தால் கொடு, இல்லையென்றால் வரும்வரை என்னைத் தூங்க வை, வந்ததும் எழுப்பு. இந்த வாக்குறுதியைத் தருவதுதான் பிளாக்கிங் க்யூ, அதாவது காத்திருக்க வைக்கும் வரிசை. எதிர்ப்பக்கமும் அப்படியே: இடம் இருந்தால் போடு, நிரம்பிவிட்டால் இடம் கிடைக்கும்வரை நில்.

தூங்குவது என்றால் நிஜமாகவே தூக்கம்தான். ஓடத் தயாராக உள்ள திரெட்டுகளின் பட்டியலிலிருந்து ஆபரேட்டிங் சிஸ்டம் அதை எடுத்துவிடும். மெமரியில் அதன் இடம் அப்படியே இருக்கும், ஆனால் சிபியூ நேரம் துளியும் செலவாகாது.

உள்ளே என்ன இருக்கிறது? எளிய வடிவத்தில் ஒரு அரே (வரிசையாக அடுக்கிய, எண்ணிக்கை மாறாத இடங்கள்), ஒரு பூட்டு, இரண்டு காத்திருப்பு அறைகள். "காலியாக இல்லை" என்ற சேதிக்காக எடுப்பவர்கள் ஓர் அறையில் இருப்பார்கள், "நிரம்பவில்லை" என்ற சேதிக்காகப் போடுபவர்கள் இன்னொன்றில். ஒருவர் போட்டதும் முதல் அறையில் ஒருவரை எழுப்புவார். ஒருவர் எடுத்ததும் இரண்டாம் அறையில் ஒருவரை எழுப்புவார். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கையால் எழுதியவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு.

முதல் இடம், தூங்கப் போகும் அந்தக் கணம். எடுப்பவர் பட்டியலைப் பார்க்கிறார், காலி. பூட்டை விடுகிறார். அவர் கண்மூடும் முன் போடுபவர் நுழைந்து ஒரு செய்தியைப் போட்டு, "எழுந்திரு" என்கிறார். அறையில் யாரும் இல்லை, அழைப்பு காற்றோடு போகிறது. இப்போது எடுப்பவர் தூங்கப் போகிறார். செய்தி உள்ளே இருக்கிறது, எழுப்ப ஆள் இல்லை. அதனால்தான் பூட்டை விடுவதும் காத்திருப்பு அறையில் பெயர் பதிவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். கண்டிஷன் வேரியபிள் என்ற கருவி இருப்பதே இதற்காகத்தான்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. எடுப்பவர் அ தூங்குகிறார். ஒரு செய்தி வந்து அவர் எழுப்பப்படுகிறார். ஆனால் எழுந்ததும் வேலையைத் தொடர முடியாது, பூட்டை மறுபடி பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியில், தூங்கவே தூங்காத ஆ புதிதாக வந்து, பூட்டைப் பிடித்து, செய்தியை எடுத்துப் போய்விடுகிறார். இப்போது அ-வுக்குப் பூட்டு கிடைக்கிறது. "என்னை எழுப்பினார்கள், அப்படியென்றால் ஏதோ இருக்கிறது" என்று நம்பி உள்ளே கையை விட்டால், காலிப் பட்டியல். எனவே எழுந்ததும் மறுபடி பார்க்க வேண்டும், காலியென்றால் மறுபடி தூங்க வேண்டும். குறியீட்டில் இது, ஒருமுறை மட்டும் பார்க்கும் 'இஃப்' என்பதற்குப் பதில், திரும்பத் திரும்பப் பார்க்கும் 'வைல்' என்று எழுதும் ஒரே ஒரு சொல் மாற்றம். அந்தச் சொல் தவறிய நிரல் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, லோடு ஏறும் நாளில் விழும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. அளவு வரம்புள்ள இடைக்கிடங்கு வழியாகத் தரவு கைமாற்றும் இந்தச் சிக்கலை, 1960-களின் நடுவில் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா செமஃபோர்களை (காத்திருக்கவும் எழுப்பவும் உதவும் எண்ணிகளை) வைத்துத் தீர்த்துக் காட்டினார். 1974-இல் இன்னொரு கணினி அறிஞரான டோனி ஹோர், தரவையும் பூட்டையும் காத்திருப்பு அறைகளையும் ஒன்றாகக் கட்டும் மானிட்டர் என்ற அமைப்பை முன்வைத்தார். அவருடைய விதிப்படி, எழுப்பப்பட்டவர் அந்தக் கணமே ஓடத் தொடங்குவார், நடுவில் யாரும் நுழைய முடியாது. 'இஃப்' போதும். ஜெராக்ஸ் ஆய்வகத்தில் மெசா மொழியை உருவாக்கியவர்கள் அந்த விதியைத் தளர்த்தினார்கள்: எழுப்புவது வெறும் குறிப்புதான், உண்மையை நீயே சரிபார்த்துக்கொள். செய்முறைக்கு அது எளிது என்பதால், இன்று நாம் புழங்கும் மொழிகள் பெரும்பாலும் மெசாவின் வழியைத்தான் பின்பற்றுகின்றன.

நல்லவேளையாக இதையெல்லாம் நாம் எழுத வேண்டியதில்லை. 2004-இல் வந்த ஜாவா 5-இல், டக் லீ தலைமையிலான குழு பல திரெட்டுகளைக் கையாள உருவாக்கிய கன்கரன்ட் நூலகத்தில் பிளாக்கிங் க்யூ பல வடிவங்களில் தயாராக வந்தது. அரேயை வைத்துச் செய்ததில் ஒரே பூட்டு. இணைப்புப் பட்டியலை வைத்துச் செய்ததில் போட ஒரு பூட்டு, எடுக்க ஒரு பூட்டு, அதனால் இரு பக்கமும் ஒன்றையொன்று மறிப்பதில்லை. சிங்க்ரனஸ் க்யூ என்று ஒரு விசித்திரமும் உண்டு. அதன் கொள்ளளவு பூஜ்ஜியம், போடுபவரும் எடுப்பவரும் நேருக்கு நேர் சந்தித்தால்தான் பொருள் கைமாறும்.

நாம் எடுக்க வேண்டிய உண்மையான முடிவு ஒன்றே ஒன்று: கொள்ளளவு எவ்வளவு? வேடிக்கை என்னவென்றால், அதைத்தான் நிறையப் பேர் எடுப்பதே இல்லை. ஜாவாவின் இணைப்புப் பட்டியல் க்யூவில் அளவு சொல்லாவிட்டால் வரம்பு 214 கோடிக்கும் மேல். பைத்தான் க்யூவில் சொல்லாவிட்டால் வரம்பே இல்லை. கோ மொழியில் இதே வேலையைச் செய்யும் சேனல் நேர் எதிர்: சொல்லாவிட்டால் பூஜ்ஜியம், வரம்பில்லாத சேனல் என்ற ஒன்றே கிடையாது. என் ஓட்டு கோ பக்கம்தான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போடலாம். நொடிக்கு 1,000 செய்திகள் வருகின்றன, எழுதுபவரால் 900 மட்டுமே முடிகிறது. பத்து சதவீதம்தானே என்று விட்டால், நொடிக்கு 100 தேங்கி, ஒரு மணி நேரத்தில் 3,60,000. செய்திக்கு 2 கேபி என்றால் சுமார் 720 எம்பி. அதைவிட மோசம், அப்போது வரிசையில் சேரும் செய்திக்கு முறை வர 400 நொடிகள் ஆகும், அதாவது ஆறு நிமிடத்துக்கு மேல். பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லாம் நன்றாக நடப்பது போலவே இருக்கும். நானும் ஒருமுறை வரம்பில்லாமல் ஒன்றை எழுதி, இரவில் மெமரி தீர்ந்து நிரல் செத்ததைக் காலையில் வந்து பார்த்திருக்கிறேன்.

இதே இடத்தில் கொள்ளளவை 500 என்று வைத்தால், ஐந்தாவது நொடியிலேயே க்யூ நிரம்பும். படிக்கும் திரெட் நிற்கும். அது நெட்வொர்க்கிலிருந்து படிக்காததால், நெட்வொர்க்கில் தரவைக் கடத்தும் விதிமுறையான டிசிபி தானாக அனுப்புபவரின் வேகத்தைக் குறைக்கும். க்யூவுக்குள் காத்திருப்பு அரை நொடியை ஒட்டியே இருக்கும். காத்திருக்கவே முடியாத இடங்களுக்கு, "50 மில்லிசெகண்ட் பார், இடமில்லையென்றால் சொல்" என்று கேட்கும் வசதியும் உண்டு. அப்புறம் அந்தச் செய்தியை விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பது நம் முடிவு.

இந்தக் காத்திருப்பே ஒரு நல்ல அளவுமானியும்கூட. நிரல் மந்தமாகிறது என்றால், திரெட்டுகள் எந்த வரியில் நிற்கின்றன என்று ஒரு பதிவெடுத்துப் பாருங்கள். போடுபவர்கள் எல்லோரும் போடும் வரியிலேயே தூங்கினால், எடுக்கும் பக்கம் வேகம் போதவில்லை. எடுப்பவர்கள் எல்லோரும் எடுக்கும் வரியில் தூங்கினால், டேட்டாபேஸைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலையே வந்து சேரவில்லை. எடுக்க ஒரே ஒரு திரெட் மட்டும் இருந்து, அது தான் எடுக்கும் க்யூவிலேயே தானும் போட முயன்று, அது நிரம்பியிருந்து அங்கே தூங்கினால், அதை எழுப்ப யாரும் வரப்போவதில்லை.